மாத்திரை எடுத்தாச்சா?

மார்ச் 3

அண்ணி,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போது கோபத்தைவிடப் பயம் பெரிதாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம்தான். என் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அண்ணன் காதில் விழும். அதுவுமில்லாமல் போனில் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள், நான் கத்துவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும்.

அண்ணன் என்னிடம் வந்ததிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறான். வீட்டோடு இருக்கிற என் டிரைவிங் ஸ்கூல் முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டான். அங்கே போலவே இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் வெள்ளைக் கோட்டு தைக்கிற வேலை கிடைத்துவிட்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காத்திருக்கிற நேரத்தில் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் வீட்டில் சுவரில் அட்டை மாட்டி, அவன் மாத்திரை போட்ட நாளுக்கெல்லாம் குழந்தைக்கு ஒட்டுவது போல நட்சத்திரம் ஒட்டினீர்களே, அது இங்கே கிடையாது. “நான் உன் புருஷனா, உன் ஆராய்ச்சியா?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியோடு கிளம்பி வந்தவனிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மனுஷனை மனுஷனாக விட்டால் தானாகச் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்களே, அது அண்ணன் உடம்பில் வேலையே செய்யவில்லையாம். குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம், அடைத்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். அண்ணனோ தினமும் மாத்திரை எடுக்கிறேன் என்கிறான். எடுக்கவும்தான் செய்கிறான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி விசாரிக்கிறது. “எடுத்தேம்மா” என்று அவன் பதில் சொல்வது எனக்குப் பல் தேய்க்கும்போது தினமும் கேட்கிறது. இதில் இன்னொரு கூத்து: கொழுப்புக்குக் கொடுத்த மாத்திரை மட்டும் அருமையாக வேலை செய்கிறதாம்.

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று அப்பா கேட்டபோதுகூடப் பயப்படாமல் “பந்து” என்று சொன்னவன்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனிதர்கள் மாத்திரை சாப்பிடுவதைப் பற்றியே ஆராய்ச்சி பண்ணுகிறவர் நீங்கள். சொல்லுங்கள், என்ன நடக்கிறது?

சின்னு


மார்ச் 9

அன்புள்ள சின்னு,

நான் ‘அன்புள்ள’ போடுகிறேன். உன் கோபம் உன்னோடு இருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று பேருடைய கண்ணால் படித்துப் பார்த்தேன்: மனைவியாக, ஆராய்ச்சிக்காரியாக, யாரோ ஒருத்தியாக. மூன்று பேருக்கும் புரியவில்லை. சில உடம்புகளில் இந்த மாத்திரை வேலை செய்வதில்லை. அது பிறவியிலேயே அப்படி. ஒருவேளை அதுவாக இருக்கலாம். அல்லது கூடச் சாப்பிடும் வேறு எதுவோ அதைக் கெடுக்கலாம். அல்லது அவர் சாப்பிடவில்லை. மூன்றாவது அநேகமாக இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நீ கத்துவாய்.

அந்தக் காலை நேரப் போன் என்னுடையது. நான் பேசுவதில்லை, ஆனால் ஏற்பாடு என்னுடையது. நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடித்த மருந்தை மனிதர்கள் ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. நாங்கள் இரண்டாவது ரகம். திட்டாமல், பயமுறுத்தாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒரு மனிதக் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பழக்கம் படிந்துவிடும் என்று நாங்கள் சோதித்துப் பார்த்தோம். மருந்துப் புட்டியின் மூடியிலும் ஒரு சிறு கருவி வைத்தோம், திறந்தால் பதிவாகும். போனில் ‘ஆமாம்’ என்றவர்களின் புட்டி அன்றைக்குத் திறந்திருந்தது. அச்சு அசலாகப் பொருந்தியது. அதனால்தான் இப்போது பல ஆஸ்பத்திரிகள் இதை எடுத்துக்கொண்டிருக்கின்றன, உங்கள் ஊரும் உட்பட. அந்தக் கேள்வியின் வாசகத்தை எழுதியதும் நான்தான்: ‘இன்றைக்கு உங்கள் மருந்தை எடுத்தீர்களா?’

அவருக்கு இது தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் போனையே எடுக்கமாட்டார்.

நீ ஒரு காரியம் செய். கேட்காதே, பார். காலையில் புட்டியைத் திறக்கிறாரா என்று மட்டும் பார்த்து எழுது.

நட்சத்திர அட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். அது கேலிக்குரிய விஷயம் இல்லை. பெரியவர்களிடமும் அது பலன் தருகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவரை ஒரு நட்சத்திரம்கூட விட்டுப்போனதில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு ஏன் போனார் என்றுதான் தெரியவில்லை.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

கத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தினேன். வீட்டை விட்டுப் போன புருஷனை ஊர் விட்டு ஊர் துரத்தி, தினமும் காலையில் இன்னொருத்தி வாயால் கேள்வி கேட்கிற பெண்டாட்டியை உலகத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொன்னபடி பார்த்தேன். போன் வருகிறது, பக்கத்தில் நிற்கிற எனக்கும் குரல் கேட்கிறது. “இன்னைக்கு மருந்து எடுத்தீங்களா சார்?” அண்ணன் ஒரு கையில் போனைப் பிடித்தபடியே புட்டியைத் திறக்கிறான், மாத்திரையை உள்ளங்கையில் கொட்டுகிறான், “எடுத்தேம்மா” என்கிறான். “ரொம்ப நல்லது சார், இப்படியே தொடருங்க.” அவ்வளவுதான். அப்புறம் முன்னறைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்துவிடுகிறான். நான் மாணவியோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தால் மேஜையில் மாத்திரை இல்லை, குப்பைக் கூடையிலும் இல்லை. ஆக, சாப்பிட்டுவிட்டான் என்றுதானே அர்த்தம்? உங்கள் மூடிக் கருவியும் அதைத்தானே சொல்லும்?

நேற்று ஒரு சின்னத் தமாஷ். கோட்டு வாங்கிப் போக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். “காஜா எடுத்தாச்சா?” என்று அவர் வாசலில் நின்று கேட்கிறார். அதே நேரம் உங்கள் பெண் போனில் “மருந்து எடுத்தாச்சா சார்?” என்கிறது. அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு “எடுத்தாச்சு” சொன்னான். பட்டன் துளை ஒன்றுக்கும் காஜா எடுக்கவில்லை என்று அப்புறம் தெரிந்து அந்த ஆள் நொந்துகொண்டு போனார். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை, காதுமடல் சிவந்துவிட்டது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது சிரிக்க முடியாத விஷயம். இந்த மாத்திரை வேலை செய்யாததால் இதைவிடப் பலமான ஒன்றுக்கு மாற்றப்போவதாக டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தொடக்கம். அது சில பேருக்கு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிய வைக்குமாம். தலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட உடனே கூட்டி வரவேண்டுமாம். கொடுக்காவிட்டால் அடைப்பு, கொடுத்தால் கசிவு. பிரேக்கும் பிடிக்காத, கியரும் விழாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது அண்ணி.

உங்களைப் பற்றிக் கேட்டானா என்று கேட்டீர்கள். பதில் எழுத வேண்டாம் என்றும் சொன்னீர்கள். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

சின்னு


மார்ச் 17

சின்னு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். முதலில் முக்கியமானது: நான் சொல்லும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் தெரியும்வரை புது மாத்திரையைத் தொடங்க விடாதே. பழையதையும் நிறுத்தச் சொல்லாதே. டாக்டரிடம் இரண்டு நாள் அவகாசம் கேள்.

இங்கே எங்களுக்கும் ஒரு குழப்பம். போனில் ‘ஆமாம்’ என்கிறார்கள், புட்டி திறந்திருக்கிறது, ஆனால் சில பேருடைய ரத்தம் மட்டும் ‘இல்லை’ என்கிறது. பரிசோதனைக்கூடத்தில் தவறு என்றார் எங்கள் தலைவர். நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைப்பதற்கு வசதியாகவும் இருந்தது. உன் கடிதம் வந்த அன்று, நோயாளிகளின் சம்மதத்தோடு பதிவு செய்த பேச்சுகளைக் கேட்க அனுமதி வாங்கினேன். (அவருடையதை நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, விதி இருக்கிறது. கை நீண்டது, இழுத்துக்கொண்டேன்.)

எல்லாரும் “எடுத்தேன்” என்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறார்: “எடுத்தேம்மா, எடுத்துத் தட்டுல வெச்சிருக்கேன், அப்புறமா பாத்துக்கலாம்.” எங்கள் பெண் “ரொம்ப நல்லதும்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறது. அதைக் கேட்ட பிறகு உன் காஜா தமாஷை மறுபடி படித்தேன்.

சின்னு, நம் வீடுகளில் யாராவது மாத்திரையை ‘எடுப்போமா’? அலமாரியிலிருந்து எடுப்போம், பையிலிருந்து எடுப்போம். சாப்பிடுவோம், போட்டுக்கொள்வோம். வேறு மொழியில் எழுதியிருந்த கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை பொருத்தி நான் எழுதிய வாசகம் அது. கேட்க மரியாதையாக இருந்தது, அதனால் எனக்குப் பிடித்தும் இருந்தது. புட்டியின் மூடியும் அதையேதான் சொன்னது: எடுத்தார்கள். ஆமாம், எடுத்தார்கள். இரண்டு சாட்சிகளும் ஒரே பொய்யை நேர்மையாகச் சொன்னால் நான் என்ன செய்வது?

ஆனால் ஒரு நிம்மதி. வீட்டில் நான் அவரிடம் “மாத்திரை போட்டீங்களா?” என்றுதான் கேட்பேன். “போட்டேன்” என்பார். அதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆகவே என்னோடு இருந்தவரை சாப்பிட்டிருக்கிறார், அங்கே வந்துதான் விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

‘எடுத்தியா’ என்று கேட்காதே. ‘போட்டியா’ என்று கேள்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

கேட்டேன். அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

போன் வந்து போன பிறகு அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அண்ணே, மாத்திரை சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேனே. நீதானே வெச்ச.”

அவன் சொன்னது காலைச் சாப்பாட்டை. சரி, நீங்கள் சொன்ன வார்த்தைக்கு வந்தேன்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

உங்கள் கணக்குப்படி நான் இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் தொழில் அப்படி. வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “கியர் போட்டேன் மேடம்” என்று யாராவது சொன்னால் “எந்த கியர்?” என்று கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது:

“எங்க போட்ட?”

“டப்பால.”

“எந்த டப்பால?”

“பட்டன் டப்பால.”

போய்த் திறந்தேன். வெள்ளைப் பட்டனுக்கு நடுவில் இளஞ்சிவப்பாக, கைநிறைய அள்ளலாம் போல மாத்திரை. குப்பையில் எறிய மனசு வரவில்லையாம், மருந்தில்லையா. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, தமிழில் மிச்சம் இருந்த வார்த்தையைக் கேட்டேன்.

“முழுங்கினியா?”

அவன் பேசவில்லை. அண்ணன் பேசாமல் இருந்தால் அதுதான் பதில். உங்களுக்குத் தெரியாததா?

“மத்த மாத்திரையெல்லாம் முழுங்குறல்ல? இது மட்டும் ஏண்ணே?”

“கோட்டு வெள்ளை.”

“அதுக்கு?”

“காஜா எடுக்கும்போது ஊசி குத்தும். எப்பவும் குத்துறதுதான். முன்னெல்லாம் விரலை வாயில வெச்சா நின்னுடும். இது போட்டா நிக்க மாட்டேங்குது. கவனிக்கறதுக்குள்ள துணியில இறங்கிடுது. துவைச்சாலும் மஞ்சளா நிக்குது. ரத்தக் கறையோட டாக்டர் கோட்டு மாட்டிக்கிட்டு வந்தா நோயாளி என்ன நினைப்பான்?”

“இதை டாக்டர்கிட்ட சொல்றதுதானே?”

“அவர் இதைக் கேக்கலை. மாத்திரை எடுக்கறீங்களான்னார். எடுக்கறேன்னேன்.”

“இதுக்குப் பேர் பொய் இல்லையா?”

“எடுக்கலைன்னு சொல்லியிருந்தா பொய்.”

அண்ணி, எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. “செத்துப்போயிடுவே அண்ணே, நிஜமா செத்துப்போயிடுவே” என்று கத்தினேன். வாசலில் நின்ற மாணவி பயந்துபோய்க் கிளாஸ் வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். அவன் நிதானமாக, “தைக்காம உக்காந்திருந்தா மட்டும் உயிரோட இருக்கறதா?” என்றான். அழுதேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். அந்த டப்பா இங்கே வந்து வாங்கியது இல்லை. உங்கள் வீட்டிலிருந்து அவன் பெட்டியில் வந்தது. அங்கேயே பாதி நிறைந்துதான் வந்ததாம்.

“அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? தினமும் சந்தோஷமா நட்சத்திரம் ஒட்டினா. ஒட்ட ஒட்ட எனக்கு அந்தச் சுவரைப் பார்க்க முடியலை. வீட்ல எங்க உக்காந்தாலும் அது தெரியும்.”

அதனால்தான் கிளம்பினானாம். நீங்கள் படுத்தினதால் இல்லை. நான் இத்தனை நாள் உங்களைத் திட்டினது வேறு எதற்கோ.

புது மாத்திரை நாளைக்குத் தொடங்குவதாக இருந்தது. டாக்டரைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தன் மேல்கோட்டைக் கழற்றிப் பட்டன் துளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பலமான மாத்திரை வேண்டாம், பழையதையே விழுங்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் விழுங்க வைப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

அன்புள்ள சின்னு


மார்ச் 26

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அது மாட்டியிருந்த இடத்தில் ஆணியோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்துவிட்டது. நிரூபிக்கப்பட்ட முறை அது. இன்னமும் அப்படித்தான் சொல்வேன், வேறு யாரிடமாவது அது பலித்திருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு மனிதரை வெளியே அனுப்பியது. இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

விழுங்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எது பலிக்கும் என்று சத்தியமாகத் தெரியாது. இந்த மாத்திரை வாழ்நாள் முழுக்க இல்லை, ஸ்டென்ட் பழகும்வரைதான். அதை டாக்டர் வாயால் அவரிடம் சொல்லச் சொல். காஜாவை மட்டும் அதுவரை வேறு கையிடம் கொடுக்க முடியுமா பார். விரலில் மாட்டும் உலோகத் தொப்பி வாங்கிக் கொடு. அவருக்குப் பிடிக்காது, ஊசியின் நுனி தெரியவில்லை என்பார், ஆனாலும் கொடு. குத்தினால் வாயில் வைக்கக் கூடாது, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், இந்த மாத்திரை போட்டால் சற்று நேரமாகும், ஆனால் நிற்கும்.

அலுவலகத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. எங்கள் கேள்வி தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். பல ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தலைவர் முதலில் என்னோடு பேசவே இல்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு புது வார்த்தை தேட உட்கார்ந்தோம். ‘உட்கொண்டீர்களா’ என்றால் யாரும் உயிரோடு பேசுகிற மாதிரி இல்லை. ‘சாப்பிட்டீர்களா’ என்றால் சாப்பாட்டைச் சொல்வார்கள். ‘போட்டீர்களா’ என்று ஒருவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ‘விழுங்கினீர்களா’ என்பது பெரியவர்களிடம் கேட்க மரியாதைக் குறைவு என்றார் தலைவர். உயிர் போனால் மரியாதை எதற்கு என்றேன். கடைசியில் அதுதான் நின்றது.

இன்னொன்றும் நின்றது. பழைய ஏற்பாட்டில் நோயாளி ‘ஆமாம்’ என்றால் “ரொம்ப நல்லது” என்று சொல்லவேண்டும். ‘இல்லை’ என்றால் “நாளையிலிருந்து தொடருங்கள்” என்று சொல்லவேண்டும். ஏன் இல்லை என்று கேட்க இடமே வைக்கவில்லை. பேச்சு நீண்டுவிடும் என்று நானே அடித்துவிட்ட வரி அது. இப்போது சேர்த்திருக்கிறோம்.

அவர் என்னிடம் சொல்லாததற்குக் காரணம் எழுதியிருந்தாய். நான் சந்தோஷமாக இருந்தேனாம். அது உண்மைதான். அதைக் கெடுக்க மனமில்லாமல் சாகத் தயாராக இருந்த மனிதரை என்ன செய்வது சின்னு? கட்டிக்கொள்வதா, உலுக்குவதா? எனக்குத் தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று ரத்தம் பார்த்தார்கள். மாத்திரை வேலை செய்கிறது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அண்ணன் கையை விட்டுவிட்டு.

எதனால் விழுங்க ஆரம்பித்தான் என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது தெரிந்தாக வேண்டும், தெரியாமல் தூக்கம் வராது. எனக்குத் தெரியவில்லை அண்ணி. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டேன். விரல் தொப்பியை வாங்கிக் கொடுத்தேன், ஒரு நாள் மாட்டிவிட்டு ஜன்னலில் வைத்துவிட்டான். காஜா எடுக்க, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்மணி ஒருவர் கிடைத்தார். கார் ஓட்டுவது அவருக்கு வரவே வராது போலிருக்கிறது, காஜா மட்டும் முத்து முத்தாக எடுக்கிறார். டாக்டர் பேசினார். நான் தினமும் கரடியாகக் கத்தினேன். இதில் எது பலித்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் புதுக் கேள்வி வந்த முதல் நாள் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “சார், இன்னைக்கு மாத்திரையை முழுங்கினீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். “இல்லைம்மா” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் ‘இல்லை’. “ஏன் சார்?” என்றது அந்தப் பெண். அண்ணன் வெள்ளைக் கோட்டில் ஆரம்பித்தான், ஊசியைச் சொன்னான், கறையைச் சொன்னான், அப்புறம் உங்கள் வீட்டுச் சுவரைக்கூடச் சொன்னான். அந்தப் பெண் ‘உம்’ கொட்டிக்கொண்டே இருந்தது போல. நான் மாணவனைக் காக்க வைத்துவிட்டு நின்று கேட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. போனை வைத்தான், தண்ணீர் கேட்டான், விழுங்கினான். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து எனக்குக் காட்டினான், கழுதை.

அப்புறம் கேட்டான்: “இந்தக் கேள்வி அவ எழுதினதுதானே?”

நான் சொல்லவில்லை அண்ணி. சத்தியமாகச் சொல்லவில்லை. இவ்வளவு முகத்தில் அறைகிற மாதிரி நேராகக் கேட்க வீட்டில் வேறு யாருக்கு வரும் என்றான். கோபமாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டேன். கோட்டு இன்னும் முடியவில்லை என்றான். அது போகிறேன் என்பதா, போகமாட்டேன் என்பதா, எனக்கு விளங்கவில்லை.

இன்று காலை மிஷினில் உட்கார்ந்தபடி, தலையைத் தூக்காமல், என்னை ஒன்று கேட்கச் சொன்னான். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்:

“அவளுக்கு பிரஷர் இருக்கே, நான் இருக்கும்போது நான்தான் தண்ணியோட கொண்டு போய்க் குடுப்பேன். இப்ப அவ முழுங்குறாளான்னு கேளு.”

சின்னு


ஏப்ரல் 15

அன்புள்ள சின்னு,

இல்லை.

அவர் போனதிலிருந்தே இல்லை. மாத்திரை அலமாரியில்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே. எத்தனையோ பேரிடம் இந்த ‘ஏன்’ கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான், எனக்குச் சொல்ல ஒரு வரிகூட வரவில்லை. மறதி என்று எழுதப் பார்த்தேன், அது பொய். வேலை என்று எழுதப் பார்த்தேன், அதுவும் பொய்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீ நிலையத்துக்கு வரவேண்டாம், வகுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அவரை வரச் சொல். ‘ஏன்’ என்று அவரே கேட்கட்டும். பதில் என்னவென்று தெரியாமல்தான் வருகிறேன் என்றும் சொல்லிவிடு.

அண்ணி